பசும்பாலைப் பாதியாகக் குறைக்க: எந்த வேலைக்கு எந்தப் பால்?

(குழு உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

படியளவு:

வீட்டில் தினம் 1.5 லிட்டர் பசும்பால் செலவாகிறது. காபி, டீக்கு 600 மில்லி, தயிருக்கு 500, இரண்டு வயதுக் குழந்தை குடிப்பது 300, மிச்சம் 100 சமையலுக்கு. இதைப் பாதியாக்க வேண்டும். பெரியவர்களில் ஒருவருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பி இரைகிறது. பால் ஒவ்வாமை யாருக்கும் இல்லை.

மாற்றிப் பார்த்ததில் மூன்று இடத்தில் தடங்கல்:

1. சோயா பால் காபியில் ஊற்றியதும் திரிந்து திப்பிதிப்பியாக நிற்கிறது. அதே பாக்கெட் டீயில் திரிவதில்லை.
2. பாதாம் பாலில் உறை ஊற்றினால் புளிக்கிறது, ஆனால் உறைவதில்லை. தண்ணீராகவே இருக்கிறது.
3. வீட்டில் அரைத்த ஓட்ஸ் பாலைச் சுடவைத்தால் பசை மாதிரி வழவழப்பாகிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே பாலாக வாங்கி வைக்க முடியுமா, இல்லை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா? குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நுரைமானி:

காபிக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

சோயா பால் கெட்டுப்போனதால் திரிவதில்லை. காபியின் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5. சோயா பால் 7-ஐ ஒட்டி இருக்கும். பசும்பாலின் கேசீன் என்ற புரதம் திரள வேண்டுமானால் பிஎச் 4.6 வரை இறங்கியாக வேண்டும், காபி அங்கே கொண்டுபோவதில்லை. சோயாப் புரதம் அவ்வளவு தாங்காது. 6-க்குக் கீழே போகும்போதே ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்துவிடும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. டீயில் அமிலம் குறைவு, அதனால் தப்பிக்கிறது.

கால்சியம் சேர்த்த சோயா பால் இன்னும் சீக்கிரம் திரியும், ஏனென்றால் கால்சியமே புரதத்தைத் திரட்டும் பொருள். உப்புத் தண்ணீரில் (கடின நீரில்) காபி போட்டாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது:

காபிக்கொட்டையை மாற்றுங்கள். இளவறுப்பில் புளிப்பு அதிகம், நன்றாகக் கறுக்க வறுத்ததில் குறைவு. பாதிச் சிக்கல் இதிலேயே தீரும்.

ஊற்றும் வரிசையையும் மாற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலைக் கொதிக்கும் காபியில் விடாதீர்கள். பாலைத் தனியாக 55–60 டிகிரிக்குச் சூடாக்கி முதலில் கோப்பையில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஆறிய காபியை அதன்மேல் மெதுவாக விட்டுக் கலக்குங்கள். அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால் புரதம் ஒரே இடத்தில் திரளாது.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் டைபொட்டாசியம் பாஸ்பேட் அல்லது இ340 என்று இருக்கிறதா பாருங்கள். ‘பாரிஸ்டா’ என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் இது இருக்கும். அமிலத்தைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். கூடவே எண்ணெயும் சற்றுக் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், நுரைக்கும் கொழகொழப்புக்கும். கைவசம் இருக்கும் சாதா சோயா பாலைத் தீர்க்க வேண்டுமென்றால் ஒரு கோப்பைக்குக் கத்தி முனையில் எடுக்கும் அளவு சமையல் சோடா போதும். கூடினால் சோப்பு வாடை வந்துவிடும், அதற்குத் திரிந்த காபியே மேல்.

இந்த வம்பெல்லாம் வேண்டாமென்றால் ஓட்ஸ் பால் வாங்குங்கள். அதில் புரதம் 100 மில்லிக்கு 1 கிராம் அளவுதான். திரள்வதற்கே ஆள் குறைவு.

டீயைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். டீயைத் தனியாகக் கெட்டியாகக் காய்ச்சி வடித்து, சூடான தாவரப் பாலைக் கடைசியில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும், மணமும் மாறும்.

உறைகலம்:

நுரைமானி சொன்னதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. காபியில் சோயாவைத் திரியவைக்கும் குணம்தான் அதைத் தயிராக உறையவும் வைக்கிறது. பாதாமில் அது நடக்காது.

தயிர் உறைவது என்பது புளிப்பு ஏற ஏறப் புரதம் வலைபோல் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது. பசும்பாலிலும் சோயாவிலும் 100 மில்லிக்கு 3 முதல் 3.5 கிராம் புரதம் இருக்கிறது. கடையில் வாங்கும் பாதாம் பாலில் பாதாமே 2–3 சதவீதம்தான், புரதம் அரை கிராம் தேறினால் அதிகம். வலை பின்ன நூல் இல்லை. பாக்டீரியா வேலை செய்வதால் புளிக்கிறது, உறைய ஒன்றுமில்லாததால் தண்ணீராகவே நிற்கிறது. பாதாமில்தான் வேண்டும் என்றால் லிட்டருக்கு 20–25 கிராம் மரவள்ளி ஸ்டார்ச்சோ சோளமாவோ கரைத்துக் கொதிக்கவைத்து ஆறிய பிறகு உறை ஊற்றலாம். ஆனால் அது மாவில் கிடைக்கும் கெட்டி, தயிரின் கெட்டி அல்ல. என் கணிப்பில் அந்த உழைப்புக்கு மதிப்பில்லை.

சோயாவுக்கு வாருங்கள். கடையில் வாங்குவதானால் பொருள் பட்டியலில் ‘தண்ணீர், சோயா’ என்று இரண்டே சொல் இருப்பதாக எடுங்கள். கால்சியம், வெனிலா சேர்த்ததில் தயிர் மணல்மணலாக வரும். வீட்டிலேயே பால் எடுப்பதானால்:

200 கிராம் சோயாவை 8–10 மணி நேரம் ஊறவையுங்கள். வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து ஊறவைப்பது நல்லது, வெளியே வைத்தால் நொதிக்கத் தொடங்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

பச்சை வாடை பயறிலேயே இருப்பதில்லை, அரைக்கும்போது உருவாகிறது. பயறு உடைந்ததும் அதிலுள்ள லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்பும். 80 டிகிரிக்கு மேல் அது செயலிழந்துவிடும். அதனால் குளிர்ந்த தண்ணீரில் அரைக்காமல் கொதிநீர் விட்டு அரைக்க வேண்டும். மொத்தம் 1.5 லிட்டர், இரண்டு மூன்று தவணையாக. ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியில் ஆவி வெளியேற வழி இருக்கட்டும். இறுக்கி மூடி ஓட்டினால் ஆவி மூடியைத் தள்ளிக் கையில் கொட்டும். சாதா மிக்ஸி ஜார் கொதிநீர் தாங்குமா என்று சந்தேகமாக இருந்தால், ஊறிய பயறைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டு எடுத்துப் பிறகு வெறும் தண்ணீரில் அரையுங்கள். அதற்கு மேல் வேகவிட்டால் புரதம் பயறுக்குள்ளேயே இறுகிச் சக்கையோடு போய்விடும், பால் நீர்த்துவிடும்.

துணியில் வடித்து நன்றாகப் பிழிந்து அடுப்பில் ஏற்றுங்கள். பாலின் அளவைப்போல் இரண்டு மடங்கு பெரிய பாத்திரம் வேண்டும். 90 டிகிரியை நெருங்கும்போது பொங்கி எழும், ஆனால் அது கொதி அல்ல, சோயாவிலுள்ள சப்போனின் என்ற பொருள் கிளப்பும் நுரை. பலர் அங்கேயே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். தீயைக் குறைத்து, நுரையை அடக்கி, நிஜமாகக் குமிழ்விட்டுக் கொதிக்க ஆரம்பித்த பிறகு 15–20 நிமிடம் காய்ச்ச வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அது அழிய இந்த நேரம் தேவை. அரைகுறையாகக் காய்ச்சியதைக் குடித்தால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள்.

43 டிகிரிக்கு ஆறியதும் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. சர்க்கரை ருசிக்கு அல்ல. சோயாவில் பாலுக்கே உரிய சர்க்கரையான லாக்டோஸ் கிடையாது, அதிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைத் தயிர் பாக்டீரியாக்களால் சரியாகத் தின்ன முடியாது. 42–43 டிகிரியில் 6 மணி நேரம் கழித்துப் பாருங்கள். சோயா சீக்கிரம் கெட்டியாகும், ராத்திரி முழுக்க விட்டால் புளித்து, தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். உறைந்ததும் அசைக்காமல் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

சோயாத் தயிரையே அடுத்தடுத்து உறையாகப் பயன்படுத்தினால் போகப்போகப் பாக்டீரியாக்களின் விகிதம் மாறி, கொழகொழப்போ கசப்போ தட்டும். அப்போது புது உறை எடுங்கள்.

கூழ்:

ஓட்ஸ் பற்றி. வழவழப்புக்கு இரண்டு காரணம்: பீட்டா குளுக்கன் என்ற நார், ஸ்டார்ச். அதிக நேரம் அரைப்பதும் துணியைப் பிழிவதும் முதலாவதை வெளியே கொண்டுவரும். சூடு இரண்டாவதைப் பசையாக்கும், 60 டிகிரியை ஒட்டியே தொடங்கிவிடும்.

ஊறவைக்காதீர்கள். 80–100 கிராம் ஓட்ஸ் அவலுக்கு ஒரு லிட்டர் ஐஸ் தண்ணீர். 30 விநாடிக்குள் அரைப்பை நிறுத்துங்கள். வடியட்டும், பிழிய வேண்டாம். இது குளிராகக் குடிக்க மட்டும். எப்படி அரைத்தாலும் சுடவைத்தால் கெட்டியாகத்தான் செய்யும், அது ஸ்டார்ச்சின் இயல்பு.

கடையில் வாங்கும் ஓட்ஸ் பால் கெட்டியாகாததற்குக் காரணம், அமைலேஸ் நொதி போட்டு ஸ்டார்ச்சை மால்டோஸ் சர்க்கரையாக உடைத்திருப்பார்கள். வீட்டிலும் செய்யலாம். உணவுத் தரமுள்ள ஆல்ஃபா அமைலேஸ் பொடி, அதன் உறையில் சொன்ன அளவும் வெப்பநிலையும். வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு கரண்டிப் பாலைத் தனியாக எடுத்து ஆறவைத்து ஒரு சொட்டு அயோடின் டிங்சர் விடுங்கள். கருநீலமானால் ஸ்டார்ச் இன்னும் இருக்கிறது. அந்தக் கரண்டிப் பாலைக் கொட்டிவிடுங்கள். முடிந்ததும் மொத்தத்தையும் 5–10 நிமிடம் கொதிக்கவிட்டு நொதியை நிறுத்த வேண்டும்.

‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று எழுதியிருந்தும் பட்டியலில் 100 மில்லிக்கு 3–4 கிராம் சர்க்கரை இருக்கும். அந்த மால்டோஸ்தான் அது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

ஊட்டப்பட்டியல்:

மூவரும் நுட்பத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் படியளவு கொடுத்த கணக்கை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. காபி, டீ 600, சமையல் 100, ஆக 700 மில்லி. பாதி என்பது 750. குழந்தையின் பாலையும் தயிரையும் தொடாமலேயே கிட்டத்தட்ட இலக்கு முடிந்துவிடுகிறது. கடினமான தயிரில் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

வயிறு உப்புசத்துக்கு: அது லாக்டோஸ் செரியாமையாக இருந்தால் (பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள்) அவர் பசும்பாலை முழுக்க விட வேண்டியதில்லை. 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ். இந்தக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு அவ்வளவைப் பெரிய தொல்லையில்லாமல் தாங்குவார்கள், சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் எளிது. தொல்லை வருவது நாள் முழுக்கக் காபியும் டீயுமாகச் சேரும்போது. தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உறையும்போதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது, அதன் நொதி குடலிலும் வேலை செய்கிறது. லாக்டோஸ் நீக்கிய பசும்பாலும் இருக்கிறது. லாக்டேஸ் நொதியால் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைத்தது, சற்றுத் தித்திக்கும், மற்ற எல்லாம் அதே பால்.

இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது பால் ஒவ்வாமை இருந்தால் லாக்டோஸ் பற்றி மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது புரதத்துக்கு எதிரான எதிர்வினை. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கும், ஆட்டுப்பாலும் பெரும்பாலும் அதே விளைவைத் தரும். பால் தயிரை உறையாகப் போட்ட சோயாத் தயிரும் கூடாது.

குழந்தைக்கு வருகிறேன், இதில்தான் அவசரப்படக் கூடாது. 300 மில்லி பசும்பாலில் சுமார் 10 கிராம் புரதம், 360 மில்லிகிராம் கால்சியம். ஒன்று முதல் மூன்று வயதுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளைக்கு 13 கிராம் புரதம், 700 மில்லிகிராம் கால்சியம். அதே 300 மில்லி பாதாம் பாலில் புரதம் ஒன்றரை கிராம். குழந்தை வயிறு நிறையக் குடித்தாலும் கணக்கில் ஒன்றும் ஏறாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் கால்சியம், வைட்டமின் டி, பி12 சேர்த்த, சர்க்கரை இல்லாத சோயா பால் ஒன்றுதான் புரதத்தில் நெருங்கி வரும். குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். அரிசிப் பாலை ஐந்து வயதுக்குக் கீழ் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டன் சுகாதாரத் துறை சொல்கிறது, ஆர்சனிக் காரணமாக. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலோ குழந்தைகளுக்கான ஃபார்முலாவோதான் முக்கியப் பானம். பசும்பாலோ தாவரப் பாலோ அந்த இடத்தில் வரக் கூடாது.

பெரியவர்களுக்கு வாங்கும்போது பட்டியலில் பார்க்க வேண்டியது: 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் (பசும்பாலுக்குச் சமம்), வைட்டமின் டி, பி12. அயோடினையும் பாருங்கள். பல நாடுகளில் பசும்பால் அதற்கு ஒரு முக்கிய மூலம், தாவரப் பாலில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அயோடின் உப்பு பயன்படுத்தினால் கவலை குறைவு. உறைகலமும் கூழும் சொன்னபடி வீட்டில் எடுக்கும் பாலில் இந்தச் சேர்க்கை எதுவும் கிடையாது. ருசி நன்றாக இருக்கலாம், ஊட்டத்தில் பசும்பாலுக்கு ஈடாக எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்று, சேர்த்த கால்சியம் பெரும்பாலும் கரையாத தூள், அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் குலுக்காமல் ஊற்றினால் கால்சியம் கடைசிக் கோப்பைக்குத்தான் போகும்.

படியளவு:

கூட்டிப் பார்க்காதது உண்மை. அப்படியானால் காபி, டீக்கு கால்சியம் சேர்த்த ஓட்ஸ் பால், குழந்தைக்குப் பழையபடி பசும்பால். மிச்சம் மூன்று சின்னக் கேள்விகள். தயிரில் பசும்பாலும் சோயாவும் சரிபாதி கலந்தால் உறையுமா? சமையலில் எதையாவது தவிர்க்க வேண்டுமா? பாக்கெட் திறந்தால் எத்தனை நாள் தாங்கும்?

உறைகலம்:

சரிபாதி நன்றாக உறையும், வெறும் சோயாவைவிட மணமும் மேல். லாக்டோஸ் இருப்பதால் சர்க்கரையும் தேவையில்லை. பசும்பாலைத் தனியாகக் காய்ச்சி, இரண்டும் ஆறிய பிறகு கலந்து உறை ஊற்றுங்கள். 5 மணி நேரத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள்.

நுரைமானி:

ஓட்ஸ் காபிக்கு ஒரே நாளில் மாறாதீர்கள், ருசி பிடிக்கவில்லை என்று மொத்தமாகக் கைவிடுவது அங்கேதான் நடக்கிறது. கால் பங்கில் தொடங்கி, நாக்கு பழகப் பழக அரை, முக்கால். ஓட்ஸ் பால் தானாகவே இனிப்பு, காபியில் போடும் சர்க்கரையைக் குறைக்கவில்லையென்றால் பாயசம்போல் திகட்டும்.

ஊட்டப்பட்டியல்:

சமையலுக்கு: காரமான, உப்பான எதற்கும் இனிப்பும் மணமும் சேர்க்காத பால் மட்டும். வெனிலா பாலில் சூப் கெட்டுப்போவது அடிக்கடி நடப்பது. சூப்பில் கடைசியில் சேர்த்துக் கொதி வருமுன் இறக்குங்கள். தக்காளியோ எலுமிச்சையோ இருந்தால் சோயா திரியும், காபியில் நடந்ததேதான். கேக்கில் மோர் கேட்டால் 240 மில்லி சோயா பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு 5–10 நிமிடம் வையுங்கள். அங்கே திரிவதுதான் வேண்டும். பாதாம் பாலில் செய்த பண்டம் வெளுத்து வரும், லாக்டோஸ் இல்லாததால் மேல்பக்கம் சிவப்பது குறைவு. ஓட்ஸில் மால்டோஸ் இருப்பதால் நன்றாகச் சிவக்கும்.

சுற்றுச்சூழலுக்காகவும் மாற்றுகிறீர்கள் என்றால், 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் பூர், நெமெசெக் இருவரும் வெளியிட்ட உலகளாவிய ஆய்வின்படி ஒரு லிட்டருக்குப் பசுமைக்குடில் வாயு பசும்பாலில் சுமார் 3.2 கிலோ, ஓட்ஸ் 0.9, சோயா 1, பாதாம் 0.7. தண்ணீர் பசும்பாலுக்கு 628 லிட்டர், பாதாமுக்கு 371, ஓட்ஸுக்கு 48, சோயாவுக்கு 28. தாவரப் பால்களுக்குள் வாயுவில் வித்தியாசம் சிறிது, தண்ணீரோ பாதாமுக்குப் பல மடங்கு. எனவே பாதாமைத் தவிர்த்தால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

கூழ்:

திறக்காத யுஎச்டி (மிகுந்த சூட்டில் பதப்படுத்திய) பாக்கெட் வெளியே மாதக்கணக்கில் இருக்கும். திறந்த பிறகு ஃப்ரிட்ஜில், உறையில் எழுதியிருக்கும் நாள் வரை, பொதுவாக 5–7 நாள். வீட்டில் எடுத்தது 3–4 நாள். ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காதீர்கள், உள்ளே பின்பக்கத்தில்தான் குளிர் சீராக இருக்கும். பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளம் அல்ல, குலுக்கினால் சேரும். புளிப்பு வாடை, உப்பிய பாக்கெட், குலுக்கியும் கரையாத கட்டி இருந்தால் கொட்டிவிடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துச் சூப்புக்கோ மாவு பிசையவோ எடுக்கலாம். காபிக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். உருகும்போது பிரிந்து துகள்துகளாக நிற்கும், எத்தனை கலக்கினாலும் பழையபடி சேராது.